ஓடுற வண்டியிலிருந்து எறிந்தால் எங்கே போய் விழும், தெரியுமா?

பாலக்காடு ஜங்ஷன். பழைய ஆட்கள் வாயில் இன்னும் ஒலவக்கோடு. பிளாட்பார பெஞ்சில் டீயோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நிமிஷம் நீங்கள் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், தெரியுமா?

மணிக்குச் சுமார் 1,640 கிலோமீட்டர்!

பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் அது. பாலக்காட்டின் அட்சரேகைக்குக் கணக்குப் போட்டால் அவ்வளவு வருகிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தையும் சேர்க்கணுமா? மணிக்குச் சுமார் 1,07,000 கிலோமீட்டர்! டீ ஒரு சொட்டாவது சிந்தியதா? சிந்தாது. டீ, டம்ளர், பெஞ்சு, பிளாட்பாரம், நீங்கள், தலைக்கு மேல் இருக்கும் காற்று எல்லாமே ஒரே வேகத்தில் சேர்ந்து ஓடுகின்றன. யாரைப் பார்த்து யார் நகர்கிறார்கள் என்று கேட்டால்தான் வேகத்துக்கே அர்த்தம். சார்பு இயக்கம் என்று பள்ளியில் படித்தது இதுதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இவ்வளவு சுவாரசியமாக இருந்ததா என்ன?

★

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாக ரயில் 100 கி.மீ. வேகத்தில் போகிறது. பெட்டிக்குள் உட்கார்ந்து ஒரு ரூபாய் நாணயத்தை முகம் வரைக்கும் சுண்டுங்கள். திரும்பக் கைக்கே வரும். அது மேலே போய் இறங்கிய அரை விநாடிச் சொச்சத்தில் தண்டவாளத்தை ஒட்டி எவ்வளவு தூரம் பயணம் செய்தது, தெரியுமா? 16 மீட்டருக்கு மேல்! உங்களுக்கு அது நேராக ஏறி நேராக இறங்கிய நாணயம். வெளியே வயலில் நிற்பவர் கண்ணுக்கு அது பெரிய வளைவாகப் பறந்த நாணயம். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? இரண்டு பேருமே!

★

எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள். இரண்டும் ஒரே நீளம், 540 மீட்டர். இரண்டும் 100 கி.மீ. வேகம். ஒன்றை ஒன்று முழுசாகக் கடக்க எத்தனை விநாடி?

சுமார் 19 விநாடி. அதில் என்ன அதிசயம்? அதே ரயில் சும்மா நிற்கும் ஒரு கம்பத்தைக் கடக்கவும் அதே 19 விநாடிதான்! எதிரே வருவது அரை கிலோமீட்டர் ரயிலாக இருந்தாலும் சரி, ஒற்றைக் கம்பமாக இருந்தாலும் சரி, நேரம் மாறாது. நீளம் இரட்டிப்பாகும்போது சார்பு வேகமும் இரட்டிப்பாகி அதைச் சரிக்கட்டிவிடுகிறது. நம்பிக்கை இல்லையா? பேனாவை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்!

★

இதையெல்லாம் முதலில் எழுதி வைத்தது யார்? கலிலியோ என்பீர்கள். அவருக்கு 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே நம் ஆள் ஒருவர் எழுதிவிட்டார், தெரியுமா?

ஆர்யபடர்! காலம் கி.பி. 499. வயது 23! படகில் முன்னே போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னே போவதாகத் தெரிகிறது. அதேபோல்தான் நிலையாக நிற்கும் விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகின்றன என்கிறது ஆர்யபடீயம். அந்த நூலுக்கு விளக்கவுரை எழுதிப் போற்றியவர்கள் பாரதப்புழைக் கரை வட்டாரத்து அறிஞர்கள். வடசேரி பரமேஸ்வரர், திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி எல்லாம் அந்த வரிசை. பாரதப்புழை எங்கிருந்து வருகிறது? ஆனைமலையிலிருந்து, பாலக்காட்டு வழியாக!

கலிலியோ 1632-இல் கப்பல் உதாரணம் சொன்னார். சொன்னதைச் செய்து பார்த்தவர் பிரெஞ்சுக்காரர் பியர் கசெண்டி. 1640-இல் மார்சேய் துறைமுகத்தில் வேகமாக ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போட வைத்தார். கப்பல் நகர்ந்துவிடுமே, கல் பின்னால்தானே விழும் என்று பலரும் நினைத்தார்கள். கல் எங்கே விழுந்தது? பாய்மரத்தின் காலடியில்!

★

சரி, ரயில் ஜன்னலுக்கு வருவோம். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயிலிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கைநழுவ விடுகிறீர்கள். எறியவில்லை, சும்மா விட்டீர்கள். எங்கே விழும்?

விட்ட இடத்துக்கு நேர் கீழே என்று நினைத்தால் தப்பு! ஜன்னல் தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரம் என்று வையுங்கள். பாட்டில் தரையைத் தொட 0.7 விநாடி ஆகும். அதற்குள் அது ரயிலோடு சேர்ந்து முன்னே ஓடும் தூரம் சுமார் 20 மீட்டர்! ஏறக்குறைய ஒரு முழு ரயில் பெட்டி நீளம். காற்று கொஞ்சம் பிடித்து இழுக்கும், ஓரிரு மீட்டர் குறையலாம். விழுந்த பிறகும் நிற்குமா? குதித்துக் குதித்து அதே திசையில் ஓடும். கையை விட்டாலும் ரயிலின் வேகம் அதை விடுவதில்லை!

அப்படியானால் பஸ்ஸிலிருந்து துப்பும் வெற்றிலை எச்சில் மட்டும் ஏன் பின் ஜன்னல்காரர் சட்டையில் விழுகிறது? நல்ல கேள்வி! எச்சிலும் பஸ் வேகத்தோடுதான் கிளம்புகிறது. ஆனால் துளித்துளியாகச் சிதறிய எச்சிலுக்கு எடை ஏது? எதிர்க்காற்று அதை நொடியில் அடக்கி நிறுத்திவிடுகிறது. எச்சில் நிற்கிறது, பஸ் போகிறது, பின் ஜன்னல் வந்து மோதுகிறது! உண்மையில் எச்சில் அவர் மேல் விழுவதில்லை, அவர்தான் எச்சில் மேல் போய் விழுகிறார். (இந்த விளக்கத்தை அவரிடம் அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம்.) கனமான பொருள் வண்டி வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், லேசான பொருள் காற்றிடம் பறிகொடுக்கும். இந்த ஒரு வரி புரிந்தால் மீதி எல்லாம் சுலபம்!

★

கல்பாத்தி அக்ரஹாரத்தில் சைக்கிளில் பேப்பர் போடுகிற பையனுக்கு இது ஏற்கெனவே தெரியும், தெரியுமா?

15 கி.மீ. வேகத்தில் மிதித்துக்கொண்டே பேப்பரைச் சுருட்டித் திண்ணைக்கு வீசுகிறான். பேப்பர் காற்றில் இருப்பது 0.7 விநாடி என்று வைத்தால், அதற்குள் அது சைக்கிள் போகும் பக்கமாக ஏறக்குறைய 3 மீட்டர் நகர்ந்துவிடும். வீட்டுக்கு நேரே வந்து வீசினால் பேப்பர் அடுத்த வீட்டுத் திண்ணையில்! அதனால் 3 மீட்டர் முன்னாலேயே கையை விடுகிறான். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கை தானாகப் போடும் கணக்கு!

★

அதே கணக்கை ஹெலிகாப்டரில் போட்ட கதை தெரியுமா? அதுவும் மலம்புழைத் தண்ணீரை வைத்து!

2023 ஏப்ரல். கோவை மாவட்டம் மதுக்கரை வனச்சரகத்தில் மலைமேல் காட்டுத்தீ. தீயணைப்பு வண்டி ஏற வழியில்லாத செங்குத்துச் சரிவு. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்.ஐ.17 ஹெலிகாப்டர் கிளம்பியது. தண்ணீருக்கு எங்கே போனது? எல்லை தாண்டி, பாலக்காட்டின் மலம்புழை அணைக்கு! கீழே கயிற்றில் தொங்குகிறது ராட்சத வாளி. பாம்பி பக்கெட் என்று பெயர். அணையில் முக்கி மொண்டு, மலையைத் தாண்டி வந்து தீயின் மேல் கொட்ட வேண்டும். தமிழ்நாட்டுத் தீயை அணைத்தது கேரளத்துத் தண்ணீர்!

கொட்டுவது அவ்வளவு சுலபமா? ஒரு கணக்குப் போடுவோம். தீக்கு மேலே 60 மீட்டர் உயரம், வேகம் மணிக்கு 72 கி.மீ. என்று வைப்போம். தண்ணீர் கீழே வர 3.5 விநாடி. அதற்குள் அது ஹெலிகாப்டர் போகும் திசையில் 70 மீட்டர் ஓடியிருக்கும்! தீயின் உச்சிக்கு வந்து வாளியைத் திறந்தால் தண்ணீர் முழுக்கத் தீயைத் தாண்டிய பாறையில் போய்ச் சேரும். ஆகவே 70 மீட்டர் முன்னாலேயே திறக்கணும்.

இத்தோடு தீர்ந்ததா? தண்ணீர் கட்டியாக விழாது, சிதறிச் சாரலாகும். சாரல் லேசு. லேசானதைக் காற்று பிடித்து நிறுத்தும். முன்பக்கத் தண்ணீர் ஓரிடம், பின்பக்கத் தண்ணீர் வேறிடம்! போதாக்குறைக்குக் காட்டுத்தீயின் சூடான காற்று மேலே தள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும். வேகமாகப் பறந்தால் தொங்கும் வாளியும் பின்னால் சாய்ந்துகொள்ளும். மெதுவாகப் பறந்தாலோ ரெக்கைக் காற்றே தீயை விசிறிவிடும்! இத்தனையையும் சமாளித்துத் தீயின் தலையில் கொட்டுகிற பைலட்டுக்கு ஒரு சல்யூட் வைக்கலாமா, வேண்டாமா?

★

சூலூர் என்றதும் இன்னொன்று. 2020 மே மாதம் அங்கே தேஜஸ் விமானங்களோடு 18-ஆவது படைப்பிரிவு மறுபடி உயிர் பெற்றது. அதன் பெயர் என்ன தெரியுமா? பறக்கும் தோட்டாக்கள்!

பறக்கும் விமானம் தான் சுட்ட தோட்டாவாலேயே விழுந்த கதை தெரியுமா? கட்டுக்கதை இல்லை!

1956 செப்டம்பர் 21. அமெரிக்காவின் லாங் ஐலண்டு கடற்கரைக்கு அப்பால் சோதனை விமானி டாம் அட்ரிட்ஜ், கிரம்மன் டைகர் ஜெட்டில் கீழ்நோக்கிப் பாய்ந்தபடி பீரங்கியைச் சோதித்தார். சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் சில விநாடிகள் சுட்டார். பிறகு இன்னும் செங்குத்தாக, இன்னும் வேகமாகக் கீழே பாய்ந்தார். சுமார் 2,100 மீட்டருக்கு இறங்கியபோது, டமார்! முன்கண்ணாடி உடைந்தது. பறவை மோதிவிட்டது என்று நினைத்தார்.

பறவையா? இல்லை! 11 விநாடிக்கு முன் அவரே சுட்ட குண்டுகள்!

எப்படி நடந்தது? குண்டு கிளம்பும்போது விமானத்தைவிட வேகம். ஆனால் அதற்கு என்ஜின் உண்டா? காற்று அதைத் தேய்த்துத் தேய்த்து வேகத்தைக் குறைத்தது, வளைந்து இறங்கியது. விமானத்துக்கோ என்ஜின் இருக்கிறது. குறுக்குவழியில் இறங்கிப் போய்க் குண்டுகளை முந்திக்கொண்டு முட்டியது! என்ஜினுக்குள்ளும் ஒரு குண்டு புகுந்தது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் மரங்களுக்கிடையே விழுந்தார். காலும் முதுகெலும்பும் முறிந்தன. ஆனால் உயிர் பிழைத்தார். தன் துப்பாக்கியால் தன்னையே சுட்டு வீழ்த்திக்கொண்ட ஜெட் விமானி என்று உலகம் இன்னும் பேசுகிறது!

★

முன்னோக்கி எறிந்தால் வேகம் கூடும். பின்னோக்கி எறிந்தால்? கழியும்! சரியாகக் கழிந்தால் பூஜ்யம்!

அமெரிக்கத் தொலைக்காட்சியின் மித்பஸ்டர்ஸ் குழு இதைச் செய்தே காட்டியது. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் லாரி. பின்பக்கம் ஒரு காற்றுத் துப்பாக்கி. அதே 60 மைல் வேகத்தில் பின்னோக்கி ஒரு கால்பந்து. என்ன ஆச்சு தெரியுமா? பந்து அந்தரத்தில் அப்படியே நின்று, நேர் கீழே பொத்தென்று விழுந்தது! லாரிக்காரருக்கு அது பின்னே பறந்த பந்து. ரோட்டோரம் நின்றவருக்கு அது யாரோ கைநழுவ விட்ட பந்து!

இன்னும் பெரிசாக யோசிக்கலாமா? எஸ்.ஆர்.71 உளவு விமானம் 1976-இல் மணிக்கு 3,529 கி.மீ. பறந்து சாதனை படைத்தது. விநாடிக்கு 980 மீட்டர். ஏ.கே.47 தோட்டாவின் வேகம் விநாடிக்கு 715 மீட்டர்தான். அந்த விமானத்திலிருந்து பின்பக்கம் சுட்டால்? தோட்டா விநாடிக்கு 265 மீட்டர் வேகத்தில், வாலை முன்னே நீட்டியபடி, விமானம் போகிற திசையிலேயே போகும்!

★

தோட்டாவுக்குப் பதில் ராக்கெட்டையே வண்டியிலிருந்து ஏவினால்? பாலக்காட்டுக் கோட்டையை 1766-இல் கட்டியெழுப்பியவர் ஹைதர் அலி. அவர் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகள் 1780-இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையைக் கதிகலங்க வைத்தன. மைசூர்ப் படையில் சக்கர வண்டியில் ராக்கெட் சட்டங்களைப் பொருத்திக் கொண்டுபோய் ஏவும் ஏற்பாடும் இருந்தது, தெரியுமா? 2025 செப்டம்பரில் ரயில்மேல் பொருத்திய ஏவுகருவியிலிருந்து அக்னி பிரைம் பறந்தது. எட்டும் தூரம் 2,000 கி.மீ.! மாட்டு வண்டி போய் ரயில் வண்டி!

தஞ்சாவூரிலும் ஒரு ஆச்சரியம் நிற்கிறது. 2020 ஜனவரியில் அங்கே சேர்ந்த சுகோய் 30 விமானங்கள் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கின்றன. எடை 2.5 டன்! விமானம் அதைச் சுடுவதில்லை. முதலில் சும்மா கீழே போட்டுவிடுகிறது! ரயில் ஜன்னல் பாட்டில் செய்த அதே வேலையைத்தான் அதுவும் முதலில் செய்கிறது. விமான வேகத்தோடு முன்னே ஓடிக்கொண்டே கொஞ்சம் இறங்கும். பிறகுதான் என்ஜின் பற்றும். பிறகு? ஒலியைப்போல் 2.8 மடங்கு!

★

எறிவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, வண்டிகளைப் பார்க்க இடுக்கிக்கு ஏறுவோமா? கேரளத்தில் ரயில் பாதையே இல்லாத மாவட்டங்கள் இரண்டுதான்: வயநாடு, இடுக்கி. ஆனால் இடுக்கியில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது, தெரியுமா?

1902-இல் மூணாறு – குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி. இழுத்தவை காளைகள்! 1908-இல் அது குறுகிய ரயில் பாதையாக மாறி நீராவி என்ஜின் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில், அங்கிருந்து கயிற்றுப் பாதையில் தொங்கியபடி கீழே கோட்டக்குடிக்கு, அங்கிருந்து போடிக்கு. 1924 பெருவெள்ளம் வந்தது. ரயிலையே துடைத்துக்கொண்டு போனது!

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்திலும் ஒரு விசித்திரம். 1907 முதல் அங்கிருந்து சாலக்குடிக்கு மரம் கொண்டுபோன டிராம் பாதை. செங்குத்துச் சரிவுகளில் என்ஜின் கிடையாது! மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும் கனத்திலேயே, கம்பி வடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டி மேலே ஏறும். டீசல் செலவு? சுழியம்!

★

தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு விடிகாலையில் ஜீப்புகள் மலையேறும். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பில் இருப்பவர்கள் மொத்தமாக வெளிப்பக்கம் சாய்கிறார்களே, அவர்களைத் தள்ளியது யார்?

யாருமே இல்லை! அவர்கள் நேராகப் போகப் பார்க்கிறார்கள், ஜீப்தான் திரும்பிவிடுகிறது. டாப்பில் கட்டாமல் வைத்த மூட்டையும் அப்படித்தான். உள்ளே இருப்பவர், மூட்டை வெளியே பாய்ந்தது என்பார். மேல் வளைவில் நின்று பார்த்தவர், மூட்டை ஒழுங்காக நேராகத்தான் போனது, அதன் அடியிலிருந்து ஜீப் நழுவிவிட்டது என்பார். பள்ளத்தாக்கில் போய் மூட்டையைத் தேடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்!

அங்கிருந்து தெற்கே போனால் ராமக்கல்மேடு. நின்று கீழே பார்த்தால் தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். காற்று ஆளைத் தள்ளும்! அங்கே சுழலும் காற்றாலை இறக்கையின் நுனி காற்றைவிட வேகமாகப் போகும், தெரியுமா? இக்காலக் காற்றாலைகளில் 6, 7 மடங்கு வரைகூட! 35 கி.மீ. காற்றடித்தால் நுனி 200 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும். காற்று தள்ளுவதால் மட்டும் சுற்றினால் காற்றின் வேகத்தைத் தாண்டவே முடியாது. இறக்கை தன் ஓட்டத்தாலேயே தனக்கு எதிர்க்காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தச் சார்புக் காற்றுதான் அதை இழுத்துச் சுற்றுகிறது!

★

மழை சாய்ந்து பெய்கிறதா, ரயில் சாய்க்கிறதா? தென்மேற்குப் பருவமழையில் பாலக்காட்டுக் கணவாயில் பயணம் செய்திருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். பெரிய மழைத்துளி விழும் வேகம் விநாடிக்குச் சுமார் 9 மீட்டர்தான். ரயில் 80 கி.மீ. வேகத்தில் போனால், காற்றே இல்லாமல் நெட்டுக்குத்தாகப் பெய்யும் மழைகூட ஜன்னலில் ஏறக்குறைய 70 டிகிரி சாய்ந்து வரும்! ரயில் நின்றதும் பாருங்கள், மழை நிமிர்ந்துவிடும்!

★

வேகப்பந்து வீச்சாளர் ஏன் அவ்வளவு தூரம் ஓடி வருகிறார்? அவரும் ஒரு வண்டிதான், பந்துதான் எறிபொருள்! 2003 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஷோயப் அக்தர் வீசிய பந்து மணிக்கு 161.3 கி.மீ.! ஓடி வந்த வேகம், கடைசி எட்டில் முன்கால் ஊன்றி உடம்பு சடாரென்று நிற்கும்போது தோளுக்கும் கைக்கும் ஏறுகிறது. நின்ற இடத்திலிருந்து அதே வேகத்தில் வீசிக் காட்டச் சொல்லுங்கள், முடியாது!

★

ஓடும் வண்டியிலிருந்து எறிவதைவிடக் கஷ்டம் எது தெரியுமா? ஓடும் வண்டிக்குக் கொடுப்பது!

ஒற்றைப் பாதை ரயில்களில் டோக்கன் என்று ஒன்று இருந்தது. பாலக்காடு – பொள்ளாச்சி மீட்டர்கேஜ் மாதிரி வழித்தடங்களில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய பிரம்பு வளையம், அடியில் தோல் பை, பைக்குள் இரும்புப் பந்து. அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. நிற்காத ரயில் என்றால்? பிளாட்பாரத்தில் ஊழியர் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். என்ஜினிலிருந்து நீளும் கை அதற்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போகும். ரயில் 30 கி.மீ. வேகம் என்றால், அந்த வளையம் கையில் வந்து மோதும் வேகமும் அதே 30 கி.மீ.! அதே நேரம் பழைய வளையத்தைப் பிளாட்பாரத்தில் வீசுவார்கள். அது விழுந்த இடத்தில் கிடக்குமா? ரயில் போன பக்கமே உருண்டோடும். பின்னாலேயே ஊழியரும் ஓடுவார்!

★

பூமியே ஒரு வண்டி என்றால், ராக்கெட்டும் ஓடும் வண்டியிலிருந்து எறிந்த பொருள்தானே?

அதேதான்! ஸ்ரீஹரிகோட்டா தரை கிழக்கு நோக்கி விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ராக்கெட்டைக் கிழக்கே ஏவினால் அந்த வேகம் இலவசம்! 1918-இல் ஜெர்மானியர் பாரிஸ் நகரைச் சுட்ட ராட்சத பீரங்கிக்கு எட்டும் தூரம் 120 கி.மீ.க்கு மேல். அதன் குண்டு கிட்டத்தட்ட 3 நிமிஷம் வானத்தில் இருக்கும். அதற்குள் கீழே பூமி திரும்பிவிடும் என்பதால், பூமியின் சுழற்சியையும் கணக்கில் சேர்த்தே குறிபார்த்தார்கள்!

ககன்யான் விண்வெளி வீரர்களாக 2024-இல் அறிவிக்கப்பட்ட நால்வரில் ஒருவர் பாலக்காடு மாவட்டத்துக்காரர், தெரியுமா? நெம்மாறையைச் சேர்ந்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர்! அவர் போகப்போகும் உயரங்களில் சார்பு வேகம் செய்யும் வேடிக்கை இன்னும் பெரிசு. 2025 ஜனவரி 16-இல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டு விண்ணில் கைகோத்தன. ஒவ்வொன்றின் வேகமும் மணிக்கு 27,000 கி.மீ.க்கு மேல். ஒன்றை ஒன்று தொட்ட வேகம்? விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான்! எறும்பு முந்திவிடும்!

2006 நவம்பரில் ரஷ்ய வீரர் மிகயில் தியூரின் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி ஒரு கோல்ஃப் பந்தைத் தட்டினார். 3 கிராம் பந்து. அவர் கண்ணுக்கு அது மெல்ல விலகிப் போனது. பூமியிலிருந்து பார்த்தால்? துப்பாக்கித் தோட்டாவைப்போல் பல மடங்கு வேகம்!

★

எதை எறிந்தாலும் வண்டியின் வேகம் கூடும், கழியும் என்றேனே, இந்த விதிக்கு அடங்காதது ஒன்று உண்டு, தெரியுமா?

வெளிச்சம்! ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதன் ஹெட்லைட் வெளிச்சம் விநாடிக்கு அதே 2,99,792 கி.மீ.தான். ஒரு அணுவளவும் கூடாது! 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னதை 1964-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். ஒளி வேகத்தில் 99.9 சதவீதத்துக்கும் மேல் பறந்த துகள்களிலிருந்து கிளம்பிய ஒளியின் வேகத்தை அளந்தார்கள். சாதாரணக் கூட்டல்படி இரண்டு மடங்கு வந்திருக்கணும். வந்ததோ அதே பழைய வேகம்!

★

பறக்கும் தோட்டாவை வெறுங்கையால் பிடிக்கலாமா? முதல் உலகப் போரில் ஒரு பிரெஞ்சு விமானி பிடித்தார் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதியதாகச் சோவியத் எழுத்தாளர் யாகொவ் பெரெல்மான் சொல்கிறார். முகத்தருகே பூச்சி பறக்கிறது என்று கையால் பிடித்தாராம். பார்த்தால் ஜெர்மன் தோட்டா! நம்பலாமா? தோட்டா தன் பயணத்தின் கடைசியில் விநாடிக்கு 40 மீட்டருக்குத் தளர்ந்துவிடும். அந்தக் கால விமானமும் அதே திசையில் அதே வேகத்தில் பறந்தால் சார்பு வேகம் பூஜ்யம். கணக்கு இடிக்கவில்லை. நடந்ததா என்பதற்கு நான் பொறுப்பில்லை!

தோட்டா பூச்சியாகும் என்றால், பழம் தோட்டாவாகுமா? ஆகும்! 1924-இல் லெனின்கிராடு – டிஃப்லிஸ் கார் பந்தயம். ஓடும் கார்களை வரவேற்க காக்கேசிய கிராமத்து மக்கள் அன்போடு தர்ப்பூசணியும் ஆப்பிளும் வீசினார்கள். கார்கள் நசுங்கின, ஆட்கள் காயம்பட்டார்கள்! 120 கி.மீ. வேகக் காரின் மேல் மோதும் 4 கிலோ தர்ப்பூசணிக்கு, துப்பாக்கித் தோட்டாவுக்குச் சமமான ஆற்றல்! இதுவும் பெரெல்மான் சொன்னதுதான்.

இனி நம் ஊர்க் கணக்கு. 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயிலை நோக்கி ஒருவர் 50 கி.மீ. வேகத்தில் கல் எறிகிறார். கண்ணாடியில் மோதும் வேகம் 160. ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால், எறிந்தவர் கொடுத்ததைப்போல் 10 மடங்கு அடி! விளையாட்டாக எறிந்தேன் என்றால் சட்டம் கேட்குமா? 1989 ரயில்வே சட்டம் 152-ஆவது பிரிவில், உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தே எறிந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம்!

உள்ளேயிருந்து வெளியே எறிபவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கி.மீ. வேக ரயிலிலிருந்து நழுவும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் ஆற்றல் என்ன தெரியுமா? 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட் இருக்கிறது. தண்டவாள ஓரம் நடந்துபோகும் டிராக்மேனுக்கு என்ன இருக்கிறது? பாட்டிலானாலும் வேறு எதுவானாலும், பைக்குள்ளேயே வைத்திருந்து ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போடுங்கள்!